ஒரு சாண் கொசுறு

வலையைத் தூக்கி நிறுத்தியதும் பூங்கா இன்ஜினியர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது பிள்ளைங்க ஏறி விளையாடுற வலையா, இல்ல நீங்க படுத்துத் தூங்கறதுக்குக் கட்டின தொட்டிலா?"

வலையைச் செய்து கொண்டுவந்த வயர் என்கிற பெண்ணுக்குப் பதில் வரவில்லை. அண்ணி வாயடைத்து நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று அவளுடைய நாத்தனார் பின்னால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வலை என்றால் மீன் வலை அல்ல. நடுவில் உயரமான ஒரு இரும்புக் கம்பம். அதன் தலையிலிருந்து கால் கயிறுகள் சுற்றிலும் சரிந்து இறங்கித் தரையில் புதைத்த கொக்கிகளில் மாட்டிக்கொள்ளும். கால் கயிறுகளுக்குக் குறுக்கே கட்டம் கட்டமாகப் பின்னல். உள்ளே எஃகுக் கம்பி, வெளியே நூல் உறை. விறைப்பாக நின்றால் பிள்ளைகள் அணில் மாதிரி உச்சிக்கு ஏறிவிடுவார்கள். இதுவோ கொடியில் காயப்போட்ட ஈரப் போர்வை மாதிரி தொய்ந்து கிடந்தது.

"இந்த ஒண்ணு சரியா வந்தாத்தான் மத்த பூங்காவுக்கெல்லாம் உங்க கிட்ட வாங்கலாம்னு நான் எழுத முடியும்" என்றார் இன்ஜினியர். குரலில் கோபம் இல்லை; அதுதான் வயருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "அடுத்த வாரம் ஃபைல் மேலே போகுது. அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா பழைய கம்பெனிக்கே குடுத்துட்டுப் போயிட வேண்டியதுதான். உள்ளூர்ல நாலு பேரு பிழைக்கட்டும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். ஆனா பாவம் பார்த்து வலை வாங்க முடியாதும்மா."

"பாவம் பார்க்க வேண்டாம் சார். வலையைப் பார்த்தாப் போதும்" என்றாள் வயர். அதற்குள் அவளுக்கு வாய் திரும்பியிருந்தது.

வயர் என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர். ஆள் ஒல்லி. அப்பா கம்பிக் கயிற்று ஆலையில் முறுக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். எவ்வளவு வளைத்தாலும் இந்தப் பெண் ஒடியாது என்று கணக்கு டீச்சர் ஒருமுறை அலுத்துக்கொண்டு சொன்னதிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயரைப் பார்த்தவர்கள் குறைவு.

அந்த ஊருக்கே ஒரு காலத்தில் அந்த ஆலைதான் சோறு போட்டது. சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் லிஃப்டுக்கும் அங்கிருந்துதான் கயிறு போனது. மூடியபோது எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், உண்மைதான். ஆனால் எவ்வளவு நாள்தான் உட்கார முடியும்? ஆலையின் கொட்டகைகளைத் துண்டு துண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டதும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். உலைக்கு அடியில் இருந்த இருட்டறையில் ஒருவர் காளான் வளர்த்துக் கொட்டுகிறார். அதற்குப் பக்கத்துக் கொட்டகையில் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டும் சிறிய வண்டி தயாராகிறது. முன்பு சம்பளப் பட்டுவாடா நடந்த அறையில் இரண்டு பெண்கள் காது கேட்கும் கருவி பழுது பார்க்கிறார்கள். ஊருக்கு வேலைதான் போயிருந்ததே தவிர, கை அப்படியேதான் இருந்தது.

வயரும் இன்சூரன்ஸ் ஆபீஸில் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு, நீளக் கொட்டகையில் பாதியைப் பிடித்தாள். நாத்தனார் மெக்கானிக்கல் படித்தவள். வெளியூரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் போட்டுக்கொண்டிருந்தவளைக் கொண்டுவந்து துருப்பிடித்த கூரைக்கு அடியில் உட்காரவைத்ததற்காக மாமியார் மட்டும் இன்றைக்கும் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதுவரை துணி காயப்போடும் கயிறு, லாரிக்குக் கட்டும் கயிறு என்று செய்து காலத்தை ஓட்டினார்கள். வலைதான் முதல் பெரிய வேலை. இது கைகூடினால் கம்பெனி. இல்லையென்றால் ஆயுளுக்கும் துணிக்கொடிதான்.

திரும்பி வரும்போது வேனை நாத்தனார்தான் ஓட்டினாள்.

"கொக்கி சரியான இடத்துலதான் இருக்கு அண்ணி. நானே ரெண்டு தடவை அளந்தேன். கம்பமும் சரி. அப்போ வலைதான் நீளம்."

"நீளமா எப்படிடி வரும்? ரப்பரா அது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ரோட்டைப் பார்த்து ஓட்டட்டுமா, உங்களுக்குப் பதில் சொல்லட்டுமா?"

வலையை வேனிலிருந்து இறக்கிக் கொட்டகைத் தரையில் விரித்தார்கள். வெட்டுகிறவர் வந்தார். அவர் பெயர் டேப்பு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப் பையில் அளவு டேப் இல்லாமல் போகமாட்டார். கயிற்று முனையை மடித்து அலுமினியக் கவ்வி போட்டு அழுத்துகிற பிரஸ் அக்காவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு பேரும் ஆலையில் வேலை பார்த்தவர்கள். வயர் ஒரு முனையைப் பிடிக்க, டேப்பு மறு முனைக்கு நடந்தார். அளவைப் படித்தார். மறுபடி படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன?"

"கொஞ்சம் கூட இருக்கு."

"கொஞ்சம்னா?"

"நாலு சாண் இருக்கும்."

வயர் கயிற்றைக் கீழே போட்டாள். "யாரு கூட்டினது? இப்பவே சொல்லிடுங்க. நான் திட்ட மாட்டேன்."

"திட்டுவீங்க" என்றாள் பிரஸ் அக்கா.

"சரி, திட்டுவேன். சொல்லுங்க."

டேப்பு தலையைச் சொறிந்தார். "நான் ஒரு சாண் விட்டு வெட்டினேன். அது தப்பாம்மா? கயிறு வெட்டுறவன் ஒரு சாண் கொசுறு விடாம வெட்டினா அவன் கைக்கு என்ன மரியாதை?"

"ஐயையோ, அவரு விட்டாரா?" என்று பிரஸ் அக்கா வாயில் கை வைத்தாள். "அவரு கறாரா வெட்டியிருப்பாருன்னு நினைச்சு நான் வளையத்துக்கு மடிக்கும்போது ஒரு சாண் கம்மியா மடிச்சேனே! பின்னல்ல நான் கை வைக்கல, கேட்டுக்கோங்க. கட்டத்துல பிள்ளைங்க தலை மாட்டக் கூடாதுன்னு அதை மட்டும் கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்தேன். கால்லதான் கொசுறு விட்டேன்."

"ரெண்டு சாண் ஆச்சு" என்ற வயர், நாத்தனார் பக்கம் திரும்பினாள். நாத்தனார் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"நீயுமாடி?"

"வெட்டு அளவு போடும்போது... ஒரே ஒரு சாண் அண்ணி."

"கம்ப்யூட்டர்லயேவா?"

"அதுல எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே இடத்துல கூட்டிட்டா வேலை சுலபம்."

டேப்பு சிரித்துவிட்டார். பிரஸ் அக்கா, "படிச்சவ படிச்சவதான், நாம ஒவ்வொண்ணுக்கா விடறோம், அவ ஒரே தட்டுல எல்லாத்துக்கும் விட்டுட்டா பாரு" என்றாள். வயரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாதியிலேயே அந்தச் சிரிப்பு நின்றது. கம்பத்தின் தலையிலிருந்து கொக்கி வரை சரிவு நீளத்தைக் கணக்குப் போட்டு வரைபடத்தில் எழுதியது அவள்தான். எழுதும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று...

"நாலாவது சாண் என்னுது" என்றாள்.

கொட்டகையே அதிர்ந்தது. பக்கத்திலிருந்து சைக்கிள் வண்டி செய்கிறவர் எட்டிப் பார்த்து, "என்ன, ஆர்டர் கிடைச்சிடுச்சா?" என்று கேட்டார்.

அந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது. கயிறு நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம். குட்டையாக இருந்தால் தூக்கி எறியத்தான் வேண்டும். அதனால் ஆலையில் ஒவ்வொரு பிரிவும் தன் பங்குக்கு ஒரு சாண் சேர்த்துத்தான் அடுத்த பிரிவுக்குத் தள்ளும். அதற்குப் பெயர் கைக்கொசுறு. அங்கே வளர்ந்த பிள்ளைகள் பாவாடைக்கு நாடா வெட்டினாலும் ஒரு சாண் கூடத்தான் வெட்டுவார்கள்.

"ஆனா ஆலையில ஒரு தடவையும் கயிறு நீளமாப் போனதில்லையே" என்றாள் வயர்.

டேப்பு யோசித்தார். "கடைசியில ஒருத்தர் இருப்பாரும்மா. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அளவு பார்ப்பாரு, கண்ணாடிக்காரர்னு சொல்லுவோம். வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி எங்க எல்லாரோட கொசுறையும் வெட்டிப் போடறதுதான் அவருக்கு வேலை. அதுக்குன்னே அவருக்குச் சம்பளம்."

இங்கே நான்கு பேரும் கொசுறை மட்டும் கொண்டுவந்திருந்தார்கள். கண்ணாடிக்காரரைக் கொண்டுவர ஒருவருக்கும் தோன்றவில்லை.

"சரி, இதுக்கு எதுக்கு மூக்கைச் சிந்தணும்?" என்றாள் நாத்தனார். "நாலு சாணையும் வெட்டிட்டு, புதுக் கவ்வி போட்டு அழுத்திட்டா முடிஞ்சது. நாளைக்கே மாட்டிடலாம். அவரு ஓகே சொல்லிடுவாரு."

டேப்பு கத்தரியை எடுக்கவே போய்விட்டார். "இருங்க" என்றாள் வயர். "யாரும் எதையும் வெட்ட வேண்டாம். நான் நாளைக்குக் கொஞ்சம் வெளியே போயிட்டு வரேன்."

பூங்காவில் இன்ஜினியர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் வேறு பக்கம் திரும்பியபோது ஒன்று கண்ணில் பட்டிருந்தது. பூங்காவின் கோடியில் பழைய கம்பெனி முன்பு போட்ட சின்ன வலை ஒன்று. அதுவும் தொய்ந்துதான் கிடந்தது. யாரோ கட்டுக் கம்பியால் இழுத்து இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

மறுநாள் மற்ற பூங்காக்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே கதை. ஒரு இடத்தில் வலையைச் சுற்றிக் கயிறு கட்டி உள்ளே போகக் கூடாது என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"போட்ட புதுசுல நரம்பு மாதிரி விறைப்பா இருந்துச்சும்மா. சுண்டினா சத்தம் வரும். ஒரு மழைக்காலம் போச்சு, பிள்ளைங்களும் ஏறி ஆடிச்சுங்க, இளகிடுச்சு. கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டா, கயிறு அளவா வெட்டினது, இனி இழுக்க ஒண்ணும் இல்ல, புதுசுதான் போடணும்கறாங்க."

வயர் அந்த வலையின் கால் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். உறை நன்றாகவே இருந்தது. கட்டங்கள் எல்லாம் திடமாக இருந்தன. காலில் ஒரு சாண் மிச்சம் இருந்திருந்தால் இந்த வலை இன்னும் எத்தனையோ வருஷம் உழைக்கும். வழக்கமாக நடந்து வருகிறவள் அன்று கொட்டகைக்கு ஆட்டோ பிடித்தாள்.

"மிச்சத்தை வெட்டக் கூடாது" என்றாள் மூச்சு வாங்க. "தரைக்கு அடியில வெக்கணும். ஒவ்வொரு கொக்கிக்கும் கீழே ஒரு பெட்டி. அதுக்குள்ள ஒரு உருளை. மிச்சக் கயிறு அதுல சுத்தியிருக்கும். வலை இளகினா சாவி போட்டு ஒரு திருகு. மறுபடி விறைப்பாயிடும்."

நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டாள். "அண்ணி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நாம பண்ணின தப்பு. அதுக்கு இப்போ பொட்டு வெச்சுப் பூ வெச்சு, புதுசாக் கண்டுபிடிச்சோம்னு அவர் கிட்ட விக்கப் போறீங்களா?"

வயருக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியை அவளே ஆட்டோவில் தன்னிடம் கேட்டுப் பார்த்திருந்தாள்.

"தப்பு தப்புதான். நாலு பேரும் அளவுல கோட்டை விட்டுட்டோம்னு அவர் முகத்துக்கு நேராச் சொல்லுவேன். அதுக்கப்புறம் இதையும் சொல்லுவேன். நாம வெட்டி மாட்டினா அவரு நாளைக்கே ஓகே சொல்லுவாரு, வாஸ்தவம். அடுத்த வருஷம் நம்ம வலையும் கட்டுக் கம்பி போட்டு நிக்கும். அப்போ நம்மளைத் தேடி யாருடி வருவாங்க?"

நாத்தனார் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள். அவள் பென்சிலைக் காதில் செருகினால் சம்மதம் என்று அர்த்தம்.

முதலில் செய்த பெட்டி காலை வாரியது. உருளை பின்னால் சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய தடுப்பு வழுக்கி, கயிறு விர்ரென்று அவிழ்ந்து, பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிட்டது. பிரஸ் அக்கா, "உருளை இன்னும் பருமனா இருக்கட்டும். சின்ன வட்டத்துல சுத்தினா உள்ளே இருக்கற கம்பி முறிஞ்சுடும்" என்றாள். சைக்கிள் வண்டிக்காரர் சுமை கட்டுவதற்கு வைத்திருந்த பல்சக்கர இறுக்கி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். "இதைப் பிரிச்சுப் பாருங்க. ஆனா திருப்பி மாட்டிக் குடுத்துடணும், ஆமா. போன தடவை வாங்கின ஸ்பேனரே இன்னும் வரல." நாத்தனார் அதைப் பிரித்தாள், முறைத்தாள், படம் போட்டாள், அழித்தாள். கடைசியில் ஒரு தடுப்புக்கு இரண்டு தடுப்பு வைத்தாள். ஒன்று வழுக்கினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மேலே மூடி. மூடியைத் திறக்கத் தனிச் சாவி. பிள்ளைகளின் விரல் நுழைய இடம் இல்லை என்று பிரஸ் அக்கா தன் சுண்டு விரலை எல்லாப் பக்கமும் விட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டாள். டேப்பு மட்டும் கயிற்று எண்ணெய் மணக்கும் அந்த உருளையைத் தடவிக்கொண்டே, "என் சாணும் இதுக்குள்ளதான் இருக்கு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூங்கா இன்ஜினியர் வந்தபோது, பெட்டிகளைப் புதைத்து மறுபடி மாட்டிய வலை இன்னும் தொய்வாகத்தான் இருந்தது. வேண்டுமென்றே அப்படி விட்டிருந்தாள் வயர். அவர் முகம் மாறியது.

"என்னம்மா, அப்படியேதானே இருக்கு?"

"இருக்கு சார். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். போன தடவை வலை நீளமா வந்தது எங்க தப்பு. நாலு பேரும் ஆளுக்கு ஒரு சாண் கூட்டிட்டோம். கடைசியா அளந்து பார்க்க ஆள் வெக்கல. இனிமே வெப்போம்."

"நாலு பேருமா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "சரி, அப்போ வெட்டிட வேண்டியதுதானே?"

"வெட்டலாம். ஆனா அதோ அந்தக் கோடியில இருக்கற வலை அளவா வெட்டினதுதான் சார். அதோட லட்சணத்தையும் பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். 

வயர் சாவியை நாத்தனாரிடம் கொடுத்தாள். ஒரு மூடி திறந்தது. கடக், கடக் என்று சத்தம். அடுத்த மூடி. அடுத்தது. ஒவ்வொரு திருகுக்கும் வலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. தூங்கி எழுந்த ஆள் சோம்பல் முறிக்கிற மாதிரி இருந்தது. கடைசிக் கால் இறுகியதும் இன்ஜினியர் ஒரு கயிற்றைச் சுண்டினார். டங் என்றது. பிறகு ஷூவோடு ஏறத் தொடங்கினார். பாதி உயரத்தில் சட்டைப் பையிலிருந்து பேனா விழுந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் உச்சி வரை போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

"யாரு வருஷா வருஷம் திருகறது?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"நாங்கதான் சார். மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு ரவுண்டு வருவோம். எல்லாப் பூங்காவுக்கும். வலையோட சேர்த்து அதையும் எங்க கிட்டயே குடுத்துடுங்க."

"இளகாத கயிறாப் போட்டுட்டா என்ன?"

"அப்படி ஒரு கயிறு இருக்குன்னு யாராவது வந்து சொன்னா, அவங்களை உள்ளே விடாதீங்க."

அவர் இறங்கி வந்தார். கையைத் தட்டி மண்ணை உதறினார். "எங்க வரைபடத்துல இந்தப் பெட்டியே இல்லையேம்மா. ஏன் மாத்தினாங்கன்னு மேலே கேப்பாங்களே."

நாத்தனார் புது வரைபடத்தை நீட்டினாள். வயர் சொன்னாள்: "தயாரிப்பாளர் அளவுல தப்புப் பண்ணினாங்க, அதைச் சரி பண்ணும்போது இந்த வழி கிடைச்சதுன்னு எழுதுங்க."

"அப்படியேவா எழுதச் சொல்றீங்க?"

"அப்படியேதான் சார்."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். இத்தனை வருஷ வேலையில் தன் தப்பை ஃபைலில் ஏற்றச் சொன்ன கம்பெனியை அவர் பார்த்திருக்கமாட்டார் போலிருக்கிறது. பிறகு கோடியில் இருந்த பழைய வலையைக் காட்டினார்.

"அதுக்கும் இந்தப் பெட்டியை மாட்ட முடியுமா?"

வயரின் வாயில் 'முடியும்' என்பது வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். "அப்படியே முடியாது சார். அதுல சுத்தறதுக்கு மிச்சமே இல்ல. கால் கயித்தை மட்டும் புதுசா மாத்தணும். பின்னல் நல்லாத்தான் இருக்கு, அதைத் தொட வேண்டாம்."

"முழு வலையும் மாத்த வேண்டாமா?"

"வேண்டாம்."

"பழைய கம்பெனிக்காரர் முழுசா மாத்தணும்னாரு."

"அவரு வலை விக்கறாரு சார். நாங்க வலையைப் பார்த்துக்கறோம்."

 அவர் கீழே கிடந்த பேனாவைத் தேடி எடுத்து, வரைபடத்தின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். "புதுப் பூங்கா எல்லாம் உங்களுக்குன்னு எழுதறேன். பழைய வலைங்களுக்குக் கால் மாத்தறதையும் சேர்த்தே எழுதறேன். ஒரே ஒரு கண்டிஷன். மிச்சக் கயிறு எவ்வளவுன்னு வரைபடத்துல இருக்கணும். அதுக்கு மேல ஒரு விரக்கடைகூட இருக்கக் கூடாது."

"இருக்காது" என்றாள் நாத்தனார், வயர் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

அவர் போனதும் நாத்தனார் அண்ணியின் கையைக் கிள்ளினாள். வலிக்கும்படியாகத்தான் கிள்ளினாள். "கொட்டகையோட மீதிப் பாதியும் வேணும் அண்ணி. இந்தப் பாதிக்குள்ள இத்தனை வலையை விரிக்கக்கூட முடியாது."

"காளான்காரரு அதுக்கு ரொம்ப நாளா அடி போட்டுக்கிட்டிருக்காரு. நாளைக்குக் காலையில முதல் ஆளாப் போய் நிக்கணும்."

"ஆளும் எடுக்கணும்."

"முதல்ல கண்ணாடிக்காரர் ஒருத்தரு" என்றாள் வயர். "நான் இல்ல, நீ இல்ல, டேப்பு இல்ல. கயிறுன்னா என்னன்னே தெரியாத ஆளா இருந்தா இன்னும் நல்லது. டேப்ல இருக்கறதை மட்டும் படிக்கணும், அவ்வளவுதான்."

"உங்க மாமியாரைப் போட்டுடலாமா? ஒரு நூல் கூடினாலும் விடமாட்டாங்க."

"அடிப்பாவி! உங்க அம்மாடி அவங்க."

"அதனாலதான் சொல்றேன்."

சிரித்துக்கொண்டே வேனில் ஏறினார்கள். கொட்டகைக்குத் திரும்பவில்லை. அடுத்த பூங்காவில் கம்பம் நடப்போகிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று வயர் வழியைக் காட்டினாள். அங்கே புல்லில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து வந்து, "இங்க என்ன வரப்போகுது?" என்று கேட்டார்கள். நாத்தனார் அளவு டேப்பின் முனையை ஒரு பையனிடம் கொடுத்து நகராமல் நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னோக்கி நடந்தாள். வயர் குனிந்து, எண்ணைச் சத்தமாகப் படித்தாள். படித்ததை அப்படியே எழுதிக்கொண்டாள்.